கடுபுல் துண்டும் கார்த்திகை மழையும்



பசறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "கள்ளி வகைச் செடிகளில் எனக்கு நல்ல ஆசை. உறவினர் வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து நடுகிறேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கள் மண் சரியில்லையா, அல்லது என் கைராசிதான் சரியில்லையா?" என்று கேட்கிறார்.

சகோதரி, மண்ணிலும் குற்றமில்லை, கையிலும் குற்றமில்லை. 'தினமும் தவறாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் குற்றம். இதை நான் புத்தகம் படித்துச் சொல்லவில்லை. ஒரு செடியைக் கொன்று, அதற்காக அழுது தெரிந்துகொண்ட பிறகு சொல்கிறேன்.

பதுளையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் மாமி வைத்த கடுபுல் ஒன்று நின்றது. முப்பது வருடத்துச் செடி. சிங்களத்தில் கடுபுல் என்றும் தமிழில் நிஷாகந்தி என்றும் சொல்கிறார்களே, அதுதான். இரவு ஒன்பது, பத்து மணிக்கு விரியும், வெளுப்பதற்குள் வாடிவிடும். இதை நம் நாட்டுக்கே உரிய பூ என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மெக்சிக்கோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த கள்ளி இது. முள் இல்லாததால் கள்ளி என்று நமக்குத் தோன்றுவதில்லை. நாம் இலை என்று சொல்லும் தட்டையான பகுதியும் இலையல்ல, தண்டுதான்.

2022 நவம்பர் மழையில் வீட்டின் பின்பக்கத்து மண்திட்டுச் சரிந்து, தொட்டியோடு செடியும் புதைந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். மண்ணைக் கிளறி ஐந்து துண்டுகளை மீட்டேன். அன்று மாலையே நல்ல கொம்போஸ்ட் நிரப்பி நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். மேலே பொலித்தீன் போட்டு மூடினேன். தேயிலை நாற்றுமேடைகளில் அப்படித்தானே செய்கிறார்கள்! மலைநாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குக் குச்சி நடுவது என்றால் கண்முன் நிற்பது அந்தக் காட்சிதான்.

மூன்றாவது வாரம் பொலித்தீனைத் தூக்கினேன். ஐந்தும் அடியிலிருந்து பழுப்பாகிக் கூழாகிக் கிடந்தன. மாமி என்னை ஏசவில்லை. "எல்லாம் போயிற்றா மகள்?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தேயிலைக் குச்சிக்குச் சரியானது கடுபுல்லுக்கு ஏன் ஆகவில்லை என்று பார்ப்போம்.

தேயிலையில் ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, கீழே சிறிது தண்டு, இவ்வளவையும் வெட்டி நடுகிறார்கள். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அந்தப் பக்கத்துச் சகோதரிகள் பலர் பார்த்திருப்பீர்கள். ரீ.ஆர்.ஐ. 2025 என்ற இனம் (இது வருடமல்ல, இனத்தின் இலக்கம்) மலையெல்லாம் பரவியது இப்படிக் குச்சி குச்சியாகத்தான். தேயிலை இலை பகல் முழுவதும் தன் நுண்துளைகள் வழியாக நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வெட்டிய துண்டுக்கு வேர் இல்லை. உள்ளே சேமிப்பும் இல்லை. ஆகவே வேர் பிடிக்கும்வரை ஈரக் காற்றும் நிழலும் தெளிநீரும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

சதைப்பற்றுள்ள செடிகளின் கதை நேர்மாறு. கடைகளில் இப்போது 'சக்குலன்ட்' என்று பெயர் போட்டு விற்கும் சின்னச் சின்னச் செடிகள், கற்றாழை, கள்ளி, ரணகள்ளி எல்லாம் இதில் சேரும். இவை பகலில் துளைகளை மூடிவைத்து இரவில் திறக்கின்றன. இரவில் உள்ளே எடுக்கும் காற்றைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதைச் செலவழிக்கின்றன. இதை முதலில் நாக்கால் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர் என்பது ஒரு சுவையான செய்தி. தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹைனே என்பவர், தோட்டத்திலிருந்த ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் நன்றாகப் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் சற்றுக் கசக்கிறது என்று கவனித்து இலண்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதம் 1815இல் அச்சில் வந்தது. (நீங்கள் கடித்துப் பார்க்க வேண்டாம். அந்த இலை ஆடு மாடுகளுக்கு நஞ்சாகக்கூடியது.)

ஆக, ஒரு கள்ளித் துண்டு வேர் இல்லாமலே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தனக்கு வேண்டிய நீரை அது உள்ளேயே வைத்திருக்கிறது. அதன் எதிரி தாகமல்ல, வெட்டுக்காயம். அந்த ஈரக் காயத்தை ஈர மண்ணில் புதைத்தால் பூஞ்சணமும் கிருமியும் நேரே உள்ளே நுழைந்து சதையைத் தின்றுவிடுகின்றன. காற்றில் விட்டால் காயத்தின் மேல் பொருக்குத் தட்டும். பொருக்குத் தட்டிய பிறகு நட்டால் அதன் ஓரத்திலிருந்து வேர் வரும். நான் பொலித்தீன் போட்டு மூடியது காயம்பட்ட பிள்ளையை ஈரச் சாக்கில் சுற்றிவைத்தது போல.

வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் தடவுவோர் உண்டு. கெடுதலில்லை. ஆனால் உலர்த்துவதற்கு அது ஈடாகாது.

எத்தனை நாள் உலர்த்துவது? கிள்ளி எடுத்த சிறு இலைக்கு இரண்டு மூன்று நாள் போதும். விரல் பருமனுள்ள தண்டுக்கு ஐந்தாறு நாள். கடுபுல்லுக்கு ஒரு வாரம். கைப் பருமனுள்ள தூண் கள்ளிக்கு இரண்டு வாரம், சிலவேளை அதற்கு மேலும். இவை காய்ந்த காற்றுக்குரிய கணக்கு. நம் ஊரில் நாளை மட்டும் பார்த்தால் போதாது, மாதத்தையும் பார்க்க வேண்டும்.

பிற ஊர்களில் அச்சாகும் தோட்டப் புத்தகங்கள் நமக்குச் சரிவராததற்குக் காரணம் இந்த மாதக் கணக்குத்தான். அட்டனில் இருக்கும் என் சாச்சி மகளோடு இதைப் பற்றி எப்போதும் வாக்குவாதம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை அட்டனையும் நுவரெலியாவையும் நனைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான கொழுந்தின் மணம் அந்த வறண்ட காற்றால் வருவதுதான். அவள் குடை பிடிக்கும் மாதத்தில் நான் உதட்டுக்கு எண்ணெய் பூசுகிறேன்! நமக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை தனிக் கணக்கு.

ஆகவே பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்தில் துண்டு வெட்டச் சிறந்த காலம் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், காற்று இன்னும் மூர்க்கமாகவில்லை. மார்ச்சில் நட்ட துண்டு ஏப்ரல் மழை வரும்போது வேரோடு காத்திருக்கும். அந்த மழையை அது குடிக்கலாம்.

இரண்டாவது காலம் ஜூன் தொடங்கி ஓகஸ்ட் நடுவரை. காயம் விரைவில் ஆறும். ஆனால் காற்று பொல்லாதது. நட்ட துண்டை ஆட்டி ஆட்டி வேர் பிடிக்க விடாது. சுவரோரம் வைத்து, ஒரு ஈர்க்கிலை ஊன்றிக் கட்டிவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, தகரத்தை ஒட்டி வைக்காதீர்கள். நண்பகலில் அந்தச் சூட்டில் அவிந்துபோகும். ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு வெட்ட வேண்டாம் என்கிறேன். ஒக்டோபர் மழைக்கு முன் வேர் வலுக்கக் காலம் போதாது.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை கத்தியை எடுக்கவே வேண்டாம். கிளை முறிந்துவிட்டால்? நடாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, அடுப்புச் சூடு படும் உயரமான தட்டில் போட்டுவையுங்கள். சுருங்கும், பயப்பட வேண்டாம். கடுபுல் துண்டு ஒரு மாதம் கிடந்தும் பிழைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மழை இடைவெளி விட்டதும் நடலாம்.

பதுளை நகரம் சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். அப்புத்தளை 1,400க்கும் மேல். அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிரும் ஈரமும் சேர்ந்து வரும். கள்ளிக்குக் குளிர் தனியாக வந்தால் தாங்கும், ஈரம் தனியாக வந்தாலும் ஓரளவு தாங்கும். இரண்டும் ஒன்றாக வந்தால் வேர் அழுகும். அந்த மாதங்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அதுவும் காலையில், கொஞ்சம் தண்ணீர் போதும். ஆனால் குளிரை விரும்பும் ஒன்றும் இருக்கிறது. கண்ணி கண்ணியாகத் தொங்கி வருடக் கடைசியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் டிசம்பர் கள்ளி, பண்டாரவளைக் குளிரில் பூப்பதுபோல் பதுளையில் பூப்பதில்லை. இரண்டு மூன்று கண்ணியைச் சேர்த்துத் திருகி எடுத்து, உலர்த்தி நட்டால் சரி.

எல்லாச் செடிக்கும் ஒரே விதியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கற்றாழை மடலை நட்டுக் காத்திருக்கும் சகோதரிகள் நிறைய. மடல் செடியாகாது, அழுகத்தான் செய்யும். பக்கத்தில் வரும் குட்டியைத்தான் பிரித்து நட வேண்டும். ரணகள்ளியோ, இலையை மண்மேல் சும்மா போட்டால் ஓரத்துப் பற்களிலிருந்து குட்டி போடும். எல்லை மீறிப் பரவும் என்பதால் சட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மஞ்சள் கரை போட்ட மருள் செடியை மடல் துண்டிலிருந்து வளர்த்தால் மஞ்சள் கரை வராது, வெறும் பச்சையாகவே வரும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரிக்க வேண்டும். மருள் துண்டில் எது மேல், எது கீழ் என்று அடையாளம் போட்டுவையுங்கள். தலைகீழாக நட்டால் வேர் விடாது. ரோஜாப்பூ வடிவத்தில் இருக்கும் செடிகளில் இலையை அடி முழுவதும் வரும்படி மெல்லத் திருகி எடுக்க வேண்டும். அடி பிய்ந்த இலை வேர்விட்டாலும் குருத்துவிடாது. பத்துமணிப்பூவுக்கு மட்டும் இந்தச் சட்டம் எதுவும் இல்லை. கிள்ளி எறிந்தாலும் பிழைக்கும்.

ஓர் எச்சரிக்கை. முள்ளோடு சிவப்பாகப் பூக்குமே, அந்தக் கிறிஸ்துமுள் செடி, திருக்கள்ளி, சதுரக்கள்ளி ஆகியவற்றை வெட்டினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டும்போது பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். துண்டின் நுனியைத் தண்ணீரில் முக்கிப் பால் நின்ற பிறகு உலரவிடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

சட்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எருமைத் தயிர் வாங்கும் மண்சட்டி வீட்டில் சேராத வீடு உண்டா? மண்சட்டி ஈரத்தை வெளியே விடும்; கள்ளிக்கு அதைவிட நல்லது கிடையாது. அடியில் துளை இல்லாததுதான் குறை. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மடித்த சாக்கின் மேல் கவிழ்த்து, ஆணியால் மெல்ல மெல்லத் தட்டித் துளை போடுங்கள். அவசரப்பட்டால் உடையும், நான் மூன்றுக்கு ஒன்று உடைத்திருக்கிறேன். உடைந்த ஓட்டையும் எறியாமல் துளையின் மேல் கவிழ்த்து வையுங்கள். மண் கலவைக்கு ஆற்று மணலும் செங்கல் நொறுக்கும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மீதி தோட்டத்து மண்ணும் மக்கிய எருவும். அடுப்புக்கரி கிடைத்தால் கொஞ்சம் நொறுக்கிப் போடலாம். கடற்கரை மணல் ஆகாது, உப்பு இருக்கும். கடுபுல் பாலைவனத்துக் கள்ளியல்ல, மரத்தில் ஒட்டி வாழும் காட்டுக் கள்ளி. அதற்கு மட்டும் எருவைக் கூட்டி, வெயிலைக் குறைத்து வைக்க வேண்டும். வேர் பிடித்த பிறகு அது தண்ணீரையும் மற்றவற்றைவிட விரும்பும்.

சட்டியின் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம். நுளம்பு முட்டையிடுவது இன்னொரு பக்கம். 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி அதற்குத் தண்டப்பணமும் உண்டு.

நட்ட பிறகு முதல் வாரம் தண்ணீரே வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து மண்மேல் சிறிதளவு. துண்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் வந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி நடும் பழக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. வேர் வந்ததா என்று பார்க்கப் போய் வந்த வேரையும் அறுப்பது அது!

மாமியின் செடிக்கு வருகிறேன். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து காய்கறி கொண்டுவந்து விற்கும் ஓர் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். நாற்றுமேடையில் பல வருடம் வேலை செய்தவர். நான் நடந்ததைச் சொன்னதும், "பெரியம்மா குடுத்த கொடிதானே? எங்க லயத்து இஸ்தோப்பில தொங்குது" என்றார். மாமி எப்போதோ ஒரு துண்டு கொடுத்தாராம். மாமிக்கே நினைவில்லை.

எனக்கு அன்றே வேண்டும்போலிருந்தது. அவர் மறுத்துவிட்டார். "இப்ப வேணாம்மா. தை கழியட்டும். தேயிலைக் குச்சி தண்ணி கேக்கும், இது காத்து கேக்கும்" என்றார். 2023 பெப்ரவரியில் இரண்டு துண்டு கொண்டுவந்தார். நடச் சொல்லவில்லை, குசினி யன்னலில் நூல் கட்டித் தொங்கவிடச் சொன்னார். ஒன்பது நாள் தொங்கியது. மாமி தினமும் வந்து அதன் அடியைத் தடவிப் பார்ப்பார். பத்தாம் நாள் அவர் கையாலேயே தயிர்ச் சட்டியில் நட்டார்.

இரண்டு வருடம் அது பூக்கவில்லை. 2025 ஏப்ரல் மழைக்குப் பிறகு, மே மாதத்தில், ஒரே ஒரு மொட்டு வந்தது. அது விரிந்த இரவு மாமி இஷாவுக்குப் பிறகு நாற்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர், பத்தரை மணிவரை எழும்பவில்லை. கண் சரியாகத் தெரியாத காலம். வாசனை வந்ததும் எங்களைக் கூப்பிட்டவர் அவர்தான்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழை வந்தது. பதுளை மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காய்கறி அக்காவின் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்ததால் அவர்களை அன்றிரவே வெளியேற்றிவிட்டார்கள். குடும்பத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இஸ்தோப்பில் தொங்கிய செடி மண்ணோடு போய்விட்டது. இப்போது அவர் தம்பி வீட்டில் இருக்கிறார். வீடு எங்கே கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

ஜனவரியில் வந்தபோது, ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். "வைக்க எடமில்லையேம்மா" என்றார். பிறகு போகும்போது வாசலில் நின்று, "சட்டியில வச்சா தூக்கிட்டுப் போகலாம் இல்ல?" என்று கேட்டார்.

மழை ஓய்ந்ததும் மாமி வெட்டச் சொன்னார். குசினி யன்னலில் மூன்று துண்டுகள் நூலில் தொங்குகின்றன. ஒன்று அக்காவுக்கு, ஒன்று அட்டனுக்கு. மூன்றாவதைக் கேள்வி எழுதிய பசறைச் சகோதரி அடுத்த முறை பதுளைச் சந்தைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்றும் சட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.